கேளுங்கள், சொல்கிறோம்: பழைய டிராக்டருக்குப் புது பெயின்ட்

தோட்டத்து மினி டிராக்டர், பவர் டில்லர், எஸ்டேட் ஷெட்டில் கிடக்கும் பழைய வண்டி இவற்றுக்குப் பெயின்ட் அடிப்பது பற்றி சேலம், ஏற்காடு பக்கத்து வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பட்டறைப் பகுதியின் பதில்களும்.

பானெட்டைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப்போய்க் காட்டி சிவப்பு கலந்து வாங்கினேன். அடித்து முடித்த பிறகு பார்த்தால் பழைய டேஷ்போர்டு ஒரு சிவப்பு, புது பானெட் வேறு சிவப்பு. கடைக்காரர் தப்பா, என் தப்பா?
– வாசகர், ஓமலூர்

கடைக்காரர் நீங்கள் காட்டியதைத்தான் கலந்து கொடுத்திருக்கிறார். இருபது வருஷம் வெயில் குடித்த பானெட்டின் மேல்பக்கம் கம்பெனி நிறத்தில் இருக்காது. எனாமலின் மேல்தோல் வெயிலில் பொடிந்து சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகிவிடும். விரலால் தேய்த்தால் ரோஸ் பொடி ஒட்டும். அந்தப் பொடியின் நிறத்துக்குத்தான் உங்களுக்கு ஷேடு கிடைத்திருக்கிறது.

உண்மையான நிறம் வெயில் படாத இடத்தில் இருக்கும். பேட்டரி தட்டின் அடிப்பக்கம், மீட்டர் போர்டின் பின்பக்கம், டீசல் டேங்கைக் கட்டும் பட்டைக்குக் கீழே, மட்கார்டு போல்ட்டின் வாஷர் உட்கார்ந்திருந்த வட்டம் ஆகிய நான்கு இடங்களைப் பாருங்கள். ஒன்றிலாவது நல்ல நிறம் பிழைத்திருக்கும். மண்ணெண்ணெயால் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாக இழையுங்கள். பிறகு ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் துணியால் தேய்த்தால் தபால் தலை அளவுக்குப் பளபளப்பு எழும்பும். அதுதான் உங்கள் மாதிரி.

ஆனால் அந்த நிறமும் கம்பெனி அடித்ததுதானா, நடுவில் யாரோ மறுபடி அடித்ததா என்று பார்த்துவிடுங்கள். 400 நம்பர் தாளால் ஒரே இடத்தில் வட்டமாக, இரும்பு தெரியும்வரை தேயுங்கள். வெட்டிய மரத்தில் தெரிகிற மாதிரி வளையம் வளையமாக அடுக்குகள் தெரியும். நடுவில் இரும்பு, அதைச் சுற்றி பிரைமர் (அடிப்பூச்சு), அதற்கு அடுத்த வளையம் கம்பெனி நிறம். அதற்கும் வெளியே இருப்பதெல்லாம் பிற்பாடு வந்த கைவேலை.

மெஷினை வைத்து ஷேடு படிக்கும் கடைக்குப் போவதாக இருந்தால் இரண்டு மூன்று செ.மீ. அகலத்துக்குத் தட்டையான, பளபளப்பான இடம் வேண்டும். வளைவிலும் சொரசொரப்பிலும் மெஷின் தப்பாகப் படிக்கும். அதனால் பேட்டரி பெட்டி மூடி மாதிரி தட்டையான துண்டைக் கழற்றிக்கொண்டு போங்கள்.

கலந்த பெயின்ட்டை டப்பாவில் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். வண்டிக்கு அடிக்கப்போகும் அதே பிரைமரை ஒரு தகரத் துண்டில் அடித்து, அதன்மேல் இரண்டு கோட்டிங் பெயின்ட் அடித்து, ஒரு நாள் காயவிட்டு மாதிரியின் பக்கத்தில் வையுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்பு, வெளியே வந்ததும் பிரிந்து நிற்கும். காலை பத்து மணி வாக்கில் திண்ணை நிழலில், நேராக ஒரு தடவை, சாய்த்து ஒரு தடவை பாருங்கள். உச்சி வெயிலில் எல்லாச் சிவப்பும் ஒரே மாதிரிதான் கண்ணைக் கூசும்.

சிக்னல் ரெட், போஸ்ட் ஆபீஸ் ரெட், ஃபயர் ரெட் என்று கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். டிராக்டர் சிவப்பு இதில் எது?
– வாசகர், ஆத்தூர்

எதுவும் இல்லை. இவை ஐ.எஸ். 5 என்ற இந்தியத் தர அட்டையில் உள்ள பொது நிறங்கள். ஃபயர் ரெட் 536, சிக்னல் ரெட் 537, போஸ்ட் ஆபீஸ் ரெட் 538. டிராக்டர் கம்பெனிகள் தங்களுக்கென்று தனி ஷேடு வைத்திருக்கும். வருஷம் போகப் போக அதையும் மாற்றியிருப்பார்கள். அதனால் இந்தப் பெயர்களை உங்கள் மாதிரிக்கு எது பக்கம் என்று பார்க்கத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கையால் திருத்துவதாக இருந்தால் 100 கிராம் எடுத்துச் சோதியுங்கள். சிவப்பை வெளுப்பாக்க வெள்ளை ஊற்றாதீர்கள், ரோஸ் ஆகிவிடும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். கருமையாக்கக் கறுப்பு ஊற்றினால் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். பழுப்புச் சிவப்பு அல்லது மெரூன் சேர்ப்பதே சரி. ஒவ்வொரு சொட்டையும் எடை போட்டு எழுதி வையுங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்காரர் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவர் தராசு இதற்குக் கச்சிதம். நிறம் பிடித்த பிறகு மொத்த வண்டிக்கும் தேவையானதை ஒரே வாளியில் கலந்துவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் இரண்டும் சேராது. கடையில் ரெடிமேடாக வாங்கினாலும் டப்பாக்களின் பேட்ச் எண் ஒன்றுதானா என்று பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கிய பிறகே ஸ்ப்ரே கன்னில் ஊற்றுங்கள்.

இன்னொன்று, சிவப்புக்கு மூடும் சக்தி குறைவு. ரெட் ஆக்சைடு (செம்பழுப்புப் பிரைமர்) மேல் அடித்தால் ஆழமாகவும், வெளிர் சாம்பல் மேல் அடித்தால் சற்றுத் துலக்கமாகவும் தெரியும். மட்கார்டுக்கு ஒரு பிரைமரும் பானெட்டுக்கு வேறு பிரைமரும் போட்டால், ஒரே டப்பா பெயின்ட்டும் இரண்டு நிறமாகிவிடும். மஞ்சளுக்கு இது இன்னும் மோசம். அடியில் வெள்ளை இல்லாமல் மஞ்சள் நிற்கவே நிற்காது.

ஏற்காட்டில் எங்கள் ஷெட்டிலேயே அடித்தோம். முதலில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், வெள்ளையாகப் படலம் படிந்தது. அதைச் சுரண்டிவிட்டு சிந்தெடிக் எனாமல் அடித்தோம், மூன்றாம் நாளும் கை வைத்தால் ரேகை பதிகிறது. பெயின்ட்டில் கலப்படமா?
– வாசகர், நாகலூர்

பெயின்ட் நல்லதாகவே இருக்கும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்துப் பெயின்டரின் கணக்கு அங்கே எடுபடாது.

என்.சி.யில் வந்த வெள்ளைப் படலம் தண்ணீர். அந்தத் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது தகடு குளிர்ந்துவிடுகிறது. சுற்றிலும் பனிமூட்டம். காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, காயும் பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதை நீங்கள் சுரண்டியிருக்கவே வேண்டாம். வெயில் நன்றாக அடிக்கும் நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லியதாக ஒரு கை மேலே அடித்தால் படலம் இளகி ஈரம் வெளியேறி, பல சமயம் நிறம் திரும்பிவிடும்.

எனாமலின் கதை வேறு. அது தின்னர் ஆவியான பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துத்தான் இறுகும். குளிரில் அந்த வேலை மெதுவாக நடக்கும். கீழே சேலத்தில் ஒரு நாளில் இறுகுவதற்கு மேலே இரண்டு, மூன்று நாள் ஆகும். இதைப் பொறுக்காமல் 'ஒரே கோட்டிங்கில் முடித்துவிடலாம்' என்று கனமாக அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே பச்சையாகவே கிடக்கும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். மண்ணெண்ணெய் ஊற்றி நீர்க்கவிட்டிருந்தாலும் இதே கதிதான். மினரல் டர்பன்டைன் தவிர வேறு எதுவும் ஊற்றக் கூடாது.

மேலேயே அடிப்பதென்றால் காலை பத்துக்கு மேல், மதியம் மூன்றுக்குள் முடியுங்கள். தகட்டின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிட மூன்று டிகிரியாவது கூட இருக்க வேண்டும். அதை அளக்கக் கருவி இல்லாவிட்டால், ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குள் முழுக்கக் காயாவிட்டால் அன்றைக்குக் கன்னை எடுக்காதீர்கள். கம்ப்ரசர் டேங்க்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். மலையில் அரை மணிக்கு ஒரு தடவை வடித்தாலும் தப்பில்லை. ஹோஸில் தண்ணீர் பிரிப்பான் இல்லாமல் அடிப்பது, பெயின்ட்டில் தண்ணீரைக் கலந்து அடிப்பதற்குச் சமம்.

எங்கள் யோசனை: பானெட், மட்கார்டு, சக்கர டிஸ்க் இவற்றை மட்டும் கழற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்து அடியுங்கள். சேஸியையும் இன்ஜினையும் மேலேயே பிரஷ்ஷால் பூசிக்கொள்ளலாம். அடித்த பாகத்தைக் குறைந்தது நான்கைந்து நாள் இறுகவிட்ட பிறகே இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்ற வேண்டும். சுற்றுவதற்குச் செய்தித்தாள் வேண்டாம், எழுத்து பதிந்துவிடும். பிளாஸ்டிக்கும் வேண்டாம், வியர்த்துக் கொப்பளிக்கும். பழைய பருத்தி வேட்டிதான் சரி.

சேலத்தின் தொல்லை நேர் எதிர். சித்திரை வெயிலில் கன்னிலிருந்து கிளம்பும் துளி தகட்டைத் தொடும்முன்பே பாதி காய்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக உட்காரும். காலை எட்டு மணிக்கு முன் அடியுங்கள், மெதுவாகக் காயும் தின்னர் கேட்டு வாங்குங்கள், கன்னை ஆறிலிருந்து எட்டு அங்குலத்துக்குள் பிடியுங்கள். மாமாங்கம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: மேக்னசைட் தூசி காற்றில் இருக்கும் நாளில் கதவை மூடி, தரையில் தண்ணீர் தெளித்த பிறகே தொடங்குங்கள்.

காப்பி, மிளகுக்கு மருந்தடிக்கும் டேங்கை டில்லரில் கட்டியிருக்கிறோம். எந்தப் பெயின்ட் அடித்தாலும் ஒரே வருஷத்தில் உரிந்து, துரு பச்சையும் செம்பு நிறமுமாகக் கிடக்கிறது.
– வாசகர், செம்மநத்தம்

நீங்கள் அடிப்பது போர்டோ கலவையாக இருக்க வேண்டும். செம்பு நிறம் என்ற உங்கள் வார்த்தையிலேயே பதில் இருக்கிறது.

ஒரு சதவீதக் கலவையில் 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. சுண்ணாம்பு போதாவிட்டால் கரைசலில் மிஞ்சும் செம்பு இரும்பில் படியும். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கத்தியை முக்கி எடுப்பீர்களே, செம்பு ஒட்டினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று. அந்தக் கத்திக்கு நடப்பதுதான் உங்கள் டில்லரின் ஒவ்வொரு கீறலிலும் நடக்கிறது. செம்பு படிந்த இடத்தைச் சுற்றியுள்ள இரும்பு வேகமாக அரிக்கப்படும். அதோடு முடியவில்லை. சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. சிந்தெடிக் எனாமல் எண்ணெயிலிருந்து செய்த பிசின். காரம் பட்டால் எண்ணெய் சோப்பாவது போல எனாமலும் அடியில் சோப்பாகிப் பிசுபிசுத்து உரியும். எத்தனை விலை உயர்ந்த எனாமலுக்கும் இந்த விதி மாறாது.

அதனால் எனாமலை விடுங்கள். செம்பு படிந்த இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். செம்புத் துணுக்கு மிஞ்சினால் அதன்மேல் எதை அடித்தும் பயனில்லை. பிறகு இரண்டு பாக எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட்டிங், மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் இரண்டு கோட்டிங். பெயின்ட்டை இறுக வைக்கும் ஹார்டனரின் விகிதம் 4:1 அல்லது 2:1 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் போட்டிருப்பதை அளவு குவளையில் அளந்து ஊற்றுங்கள், கண் அளவில் ஊற்றாதீர்கள். மருந்தடித்த அன்றே, காயும் முன், தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

டேங்க் தாங்கி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடாக இருந்தால் அதற்கும் இதே எபாக்ஸிதான். ஜி.ஐ. மேல் நேராக எனாமல் அடித்தால் துத்தநாகத்தோடு வினைபுரிந்து தாள் தாளாக உரியும்.

எஸ்டேட் ஷெட்டில் ஒரு பழைய ஃபெர்குசன். சிவப்பாக இருக்கிறது. சுரண்டினால் அடியில் சாம்பல். சாம்பல் பிரைமரா, பெயின்ட்டா? என் மாமனார் காலத்து வண்டி, பழையபடி கொண்டுவர ஆசை.
– வாசகி, ஏற்காடு

உங்கள் வண்டி டி.இ.20 ஆக இருந்தால் அந்தச் சாம்பல்தான் அதன் நிறம். இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பானெட், இன்ஜின், சக்கரம் எல்லாமே ஒரே சாம்பல். 1956-ல் வந்த 35 மாடலுக்குத் தகடு சாம்பல், இன்ஜினும் கியர்பெட்டியும் செம்பு நிறம். 1957 கடைசியில்தான் சிவப்பு பானெட் வந்தது. சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி 1960-ல் தொடங்கிய பிறகு நம் ஊரில் ஓடியவை சிவப்பு என்பதால், பழைய ஃபெர்குசனையும் யாரோ பழக்கத்தில் சிவப்பாக்கியிருப்பார்கள்.

எது என்று சீரியல் தகடு சொல்லும். டி.இ.ஏ. என்றால் பெட்ரோல், டி.இ.டி. மண்ணெண்ணெய், டி.இ.எஃப். டீசல். சாம்பல் அடுக்கு பிரைமரா என்று பார்க்க அதில் காம்பவுண்டு போட்டுத் தேயுங்கள். பெயின்ட் என்றால் மினுங்கும், பிரைமர் என்றால் மங்கலாகவே இருந்து துணியில் ஒட்டும். அந்தக் காலத்துச் சாம்பல் கண்ணாடி மாதிரிப் பளபளக்காது. இன்றைய ஹை கிளாஸ் பி.யூ.வில் அதை அடித்தால் நிறம் சரியாக இருந்தும் வண்டி பொம்மை மாதிரி இருக்கும். செமி கிளாஸ் கேளுங்கள்.

மேலே உள்ள சிவப்பை முழுக்க எடுத்துவிடுவது நல்லது. பழைய சிவப்புச் சாயங்கள் சில, தின்னர் பட்டதும் கரைந்து மேலே ஏறிவரும். இன்று சாம்பலாக இருப்பது பத்து நாளில் ரோஸ் திட்டு விடும். எடுக்க முடியாத மூலை முடுக்குகளை எபாக்ஸி பிரைமரால் மூடி, அதற்குமேல் சாம்பல் அடியுங்கள்.

25 குதிரைசக்தி மினி டிராக்டர். எத்தனை லிட்டர் வாங்க?
– வாசகர், வாழப்பாடி

டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். இந்த அளவு வண்டியில் பானெட், பக்கத் தகடு, மட்கார்டு உள்ளும் புறமும் சேர்த்து 5 சதுர மீட்டர் பக்கம் வரும். மூன்று கோட்டிங் என்றால் 15. டப்பாவில் லிட்டருக்கு பத்து, பன்னிரண்டு சதுர மீட்டர் என்று போட்டிருப்பார்கள். கன்னில் அடிக்கும்போது காற்றில் போவது போக ஆறுதான் கையில் நிற்கும். ஆக இரண்டரை லிட்டர், வாங்குவது 3. சேஸி, இன்ஜினுக்கு ஒன்றரை லிட்டர், நான்கு டிஸ்க்குக்கு 1 லிட்டர், பிரைமர் 3 லிட்டர், கன் கழுவுவதோடு சேர்த்துத் தின்னர் 4 லிட்டர், பள்ளம் நிரப்பும் பட்டி 1 கிலோ. மிஞ்சும் சிவப்பைக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை ஊற்றி மூடி, தேதி எழுதி வையுங்கள். பின்னால் கீறல் விழுந்தால் அதைவிடப் பொருத்தமான ஷேடு கிடைக்காது.

பட்டி பற்றி இரண்டு வரி. ஹார்டனர் போடும் பாலியெஸ்டர் பட்டியை எபாக்ஸி அல்லது சுத்தமான இரும்பின்மேல் மட்டும் போடுங்கள். ரெட் ஆக்சைடு மேல் போட்டால் அடியோடு கழன்று வரும். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் போதும். அவசரத்துக்குக் கூட்டினால் பட்டி போட்ட இடமெல்லாம் பெயின்ட்டில் கறையாகத் தெரியும்.

பெயின்ட் அடித்த இடத்தில் சின்னச் சின்னக் குழி, நடுவில் பிரைமர் தெரிகிறது. எத்தனை முறை அடித்தாலும் அதே.
– வாசகர், கொண்டலாம்பட்டி

பட்டறையில் இதை மீன்கண் என்பார்கள். காரணம் எண்ணெய் அல்லது சிலிகான் பாலிஷ். துரு இளக்கும் ஸ்ப்ரே, டேஷ்போர்டு பாலிஷ், கம்ப்ரசர் விடும் ஆயில் மூன்றும் சந்தேகப் பட்டியலில். முதலில் எண்ணெய் எடுத்து, பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். வரிசை மாறினால் எண்ணெயைக் கீறலுக்குள் தேய்த்து இறக்கிவிடுவீர்கள். டீசலால் கழுவியதோடு நிறுத்தாமல் சோப்புத்தூள் தண்ணீர், அதற்குப் பிறகு தின்னர் நனைத்த துணி, உடனே காய்ந்த துணி. கடைசியில் ஒரு கை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தகடு முழுக்கப் படலமாக நின்றால் சுத்தம், முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

சில்லறைக் கேள்விகள்

சைலன்சருக்கு (அயோத்தியாப்பட்டணம்): 600 டிகிரி தாங்கும் சிலிகான் அலுமினியம் பெயின்ட், வெறும் இரும்பின்மேல். அடியில் ரெட் ஆக்சைடு வேண்டாம், கருகி உரியும். அடித்த பின் இன்ஜினை ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று விட்டு விட்டு ஓட்டிச் சூடேற்றுங்கள்.

ரேடியேட்டருக்கு (மேட்டூர்): தண்ணீராக நீர்த்த கறுப்பு, ஒரே ஒரு கோட்டிங். கனமாக அடித்தால் இடுக்குகள் அடைத்து வண்டி கொதிக்கும்.

டிஸ்க் போல்ட் உட்காரும் முகத்துக்கு (சங்ககிரி): பிரைமர் மட்டும், மெல்லியதாக. கனமான பெயின்ட் அழுத்தத்தில் நசுங்கி நட்டு தளரும். எப்படி அடித்திருந்தாலும் ஓட்டிய முதல் நாளும் ஒரு வாரம் கழித்தும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பேட்டரி எர்த் பட்டை தொடும் இடத்தில் பெயின்ட்டே கூடாது. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு மெக்கானிக்கைக் கூப்பிடும்முன் அங்கே பாருங்கள்.

சிவப்பை நீலமாக்கலாமா (எடப்பாடி): அடிக்கலாம். ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும்.

என் வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பி.யூ. அடிக்கிறார். மூக்கு எரிகிறது என்கிறார். ஆபத்தா?
– வாசகி, கன்னங்குறிச்சி

உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இரைக்கும், அது ஆயுளுக்கும் போகாது. கைக்குட்டையும் தூசி மாஸ்க்கும் இதற்குத் தடுப்பே இல்லை. ஆவி தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி, கண்ணாடி, கையுறை வேண்டும். திறந்த இடத்தில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று அடிக்க வேண்டும். மாட்டை அன்று வேறு இடத்தில் கட்டுங்கள், தீவனத் தொட்டியை மூடுங்கள். இவ்வளவும் முடியாதென்றால் பிரஷ்ஷும் எனாமலும் போதும். மருந்து படாத வண்டிக்கு எனாமல் ஒன்றும் தாழ்ந்ததில்லை.

பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதிலும் கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, வண்டிகளுக்கு அடிக்கும் பெயின்ட் அதில் வராது. ஆகவே பழைய சிவப்பு, மஞ்சள் எதிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் போட்டுப் பொடி பறக்கவிடாமல் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேய்க்கச் சொல்லுங்கள். கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடக் கூடாது. பிள்ளைகளைத் தூக்கும்முன் அவர் சட்டையை மாற்றிவிடட்டும்.